ஈரக் கைக்கு ஒரு தாள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் ஒரு காலத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கிச்சன் டவல் டிசைன் பண்றேன். காகிதத்துல. துடைச்சுட்டுத் தூக்கிப் போடறது." கேட்டவர் முகத்தில் ஒரு கனிவு படரும். வேலை போன மனிதனைப் பார்க்கும் கனிவு. பிறகு தவறாமல் அந்தக் கேள்வி வரும்: "அதுல டிசைன் பண்ண என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால், உடனே அவர்களுக்கு வேறெங்கோ போக வேண்டியது நினைவுக்கு வந்துவிடும். நீங்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே சொல்கிறேன்.

மைசூர் பக்கத்தில் நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆலை. ஹோட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் டிஷ்யூ நாப்கின் மடித்துக் கொடுத்து நிம்மதியாக இருந்த இடம். அந்த நிம்மதியைக் கெடுத்தவன் நான். இனி சமையலறை ரோல்தான் எதிர்காலம் என்று முதலாளிக்கு ஓதினேன். முதலாளி என்னைவிட இருபது வயதாவது சின்னவர், கன்னடக்காரர், மேல்படிப்புப் படித்தவர். இருந்தும் என்னை நம்பினார். காரணம் என் தலையில் மிச்சமிருக்கும் முடி நரைத்திருந்ததுதான் என்று நினைக்கிறேன். நரைக்கு நம் ஊரில் கிடைக்கும் மரியாதை அறிவுக்குக் கிடைப்பதில்லை.

யாரோ பயன்படுத்திய மெஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பூசணிக்காய் உடைத்தோம். மெஷின் ஓடியது. ரோல் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. எங்களுக்குப் போட்டி எந்தப் பெரிய கம்பெனியும் இல்லை, பழைய பனியன். மைசூரில் எந்தச் சமையலறையிலும் அடுப்பு மேடையைத் துடைப்பது அந்த வீட்டுக்காரரின் பழைய பனியன்தான். அது இலவசம். வீட்டுக்கு வீடு தங்குதடையில்லாமல் உற்பத்தியாகிறது. விளம்பரமும் தேவையில்லை, ஏனென்றால் விளம்பரம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் மெஷினை விலைக்குப் பார்க்க வந்தார். தர்பூசணி வாங்குகிறவர் போல அங்கங்கே தட்டிப் பார்த்தார். அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் என்னோடு கன்னடத்தில்தான் பேசுவார். நான் தமிழில் தருகிறேன். காரம் கொஞ்சம் குறையும். அவர் சொல்லும் சிராவணம் ஏறத்தாழ நம் ஆவணி.

"சார், அந்தக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ரோல் வேணும்னு கேட்டாரே, அவர் ஒத்துக்கிட்டா மெஷின் இங்கே இருக்கட்டும். அவரும் வேண்டாம்னுட்டா, சிராவணத்துல கோயம்புத்தூருக்கு லாரி ஏத்திடுவேன்."

மெஷின் போனால் நானும் போவேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நாப்கின் என்பது சதுரம். சதுரத்துக்கு டிசைனர் வேண்டாம். மெஷினை ஓட்டிய அம்மாவுக்கும் இதே கதிதான். அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி நஞ்சன்கூட்டில் இருப்பவர். நாப்கின் அடுக்கும் மேசையிலிருந்து இந்த மெஷினுக்கு அவராகக் கேட்டு வந்தவர். மெஷின் போனால் மறுபடி அடுக்கப் போக வேண்டும். "அதுக்கு நானே லாரீல ஏறிக் கோயமுத்தூர் போயிர்றனுங்க" என்றார்.

ஆக, எல்லாம் அந்தக் காண்ட்ராக்டர் கையில் இருந்தது. கையில் என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் மைசூர் அக்ரஹாரத்துக்காரர். மேல்கோட்டைப் பூர்வீகம். ஊரில் பாதிச் சத்திரங்களில் அவருடைய ஆட்கள்தான் சமையல், அவர் மொழியில் தளிகை. இவ்வளவு ஆசாரமான மனிதர் காகித ரோலைக் கேட்டு ஏன் ஆள் அனுப்பினார் என்று எனக்கே ஆச்சரியம். போய்ப் பார்த்தபோது விளக்கினார்.

"துணின்னா ஒரு பாத்திரத்தோட பத்து இன்னொரு பாத்திரத்துக்குப் போயிடறது ஸ்வாமி. சாதத்தைத் தொட்ட துணியால நெய்ச் சம்புடத்தைத் துடைச்சுடறான்கள். ஒவ்வொரு தரமும் மடியாத் துணி எங்கே போறது? உங்க காகிதம் ஒரு தரம் தொட்டா குப்பைக்குப் போயிடும். தொடறதுக்கு முன்னால யாரும் தொட்டிருக்க மாட்டா. இதைவிட மடி ஏது?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மடி என்றால் யாரும் தொடாத ஆசாரச் சுத்தம். வேகவைத்த சாதம், குழம்பு இவற்றைத் தொட்ட கைக்குப் பத்து உண்டு. அந்தக் கையால் ஊறுகாய் ஜாடியையோ மோரையோ தொடக் கூடாது. முதலில் கையில் தண்ணீர் பட வேண்டும். நான் நவீனத்தின் சின்னம் என்று நினைத்து விற்றுக்கொண்டிருந்த சரக்கு, உலகத்திலேயே அதிக ஆசாரமான பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உற்சாகம் தாங்கவில்லை. பசையில் மிருகக் கொழுப்பு உண்டா என்று கேட்டார். கிடையாது என்றேன், கையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அக்ரஹாரத்தில் ஒரு சத்திரம். ரோலை ஒரு கம்பியில் மாட்டி, வடை பொரிக்கும் அடுப்புக்கும் சாதம் வடித்த அண்டாவுக்கும் நடுவே தொங்கவிட்டுவிட்டு, பெண்ணைப் பெற்றவன் மாதிரி ஓரமாக நின்றேன்.

அந்த ரோலைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. இரண்டு தாள்களை ஒட்டி, நடுவே காற்று நிற்கிற மாதிரி புள்ளிகள் அழுத்தியிருக்கும். வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை வைத்து அந்தப் புள்ளிகளை நானே வரைந்தேன். எண்ணெய் உடனே பரவி உறிஞ்சப்படும். தாளுக்குத் தாள் கிழிப்பதற்காகக் குறுக்கே ஊசித்துளை மாதிரி வெட்டுகள் ஓடும். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் வெட்டாமல் விட்ட துளித் துளி இடங்கள்தான் அடுத்த தாளைப் பிடித்துக்கொண்டிருப்பவை. எத்தனை வெட்டு, எத்தனை பிடி என்பதுதான் என் தொழில் ரகசியம். கிழிக்கும் விசையைத் தராசு வைத்து அளந்திருக்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் கையை நன்றாகத் துடைத்துக்கொள்வேன். எங்கள் தாளில்தான்.

தலைமைச் சமையல்காரர் புளியோதரை கலந்துகொண்டிருந்தார். காண்ட்ராக்டர், "டேய், அதை இழுத்து வடைத் தட்டுல போடுடா" என்றார். சமையல்காரர் பக்கத்திலிருந்த சொம்பில் கையை முக்கினார். பத்துப் போயிற்று. அந்தக் கையோடு ரோலைப் பிடித்து இழுத்தார்.

விரல்கள் தாளுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தன. விரல் நுனியில் ஆளுக்கொரு குல்லா. தாள் வரவில்லை. அவர் உறுதியான மனிதர். மறுபடி முக்கி, இந்தத் தடவை ஆழமாகப் பிடித்து, பலமாக இழுத்தார். ரோல் உருள ஆரம்பித்தது. கிழிய வேண்டிய இடங்களில் எல்லாம் கிழியாமல், கிழியக் கூடாத இடத்தில் மட்டும் கிழிந்து, நீளமாக அவிழ்ந்து, அடுப்பு மேடையில் தவழ்ந்து, சாத்தமுது அண்டாவுக்குள் நிதானமாக இறங்கியது. ரசம் என்று நீங்கள் சொல்வதைத்தான் அங்கே சாத்தமுது என்பார்கள். என் தாளின் உறிஞ்சும் சக்தியை அங்கே எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அண்டாவில் ரசத்தின் மட்டம் குறைந்தது.



"ஸ்வாமி," என்றார் காண்ட்ராக்டர், மிகவும் மெதுவாக, "இது துடைக்கறதா, தாளிக்கறதா?"

அண்டாவைக் கொட்ட வேண்டியதாயிற்று. பந்தியில் சாத்தமுது தாமதமானதால், மாப்பிள்ளை வீட்டார் யாரோ எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். "ஒண்ணும் இல்லை, ஒரு இஞ்சினியர் வந்திருக்கார்" என்றார் காண்ட்ராக்டர்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கை ஈரமாக இருந்ததுதான் காரணம் என்று விளக்கவும் செய்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கைல ஈரம் இல்லாம என் தளிகையறைல ஒருத்தன் நின்னா, அவன் தளிகைக்காரன் இல்லை ஸ்வாமி. விருந்தாளி. இன்னும் ஒண்ணு கேளுங்கோ. ஒரு கை எப்பவும் கரண்டியில இருக்கும். ஈரக் கை, ஒத்தைக் கை, முதல் இழுப்பு. அதுல வந்தா சிராவண முகூர்த்தத்துக்குக் கொண்டு வாங்கோ. வரலைன்னா, உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." பிறகு ரோலை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது சரி, இது முழுக்கப் புள்ளி புள்ளியா எலி கடிச்சிருக்கே?"

என் கோலத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துபவள். இரக்கம் பாடத்திட்டத்தில் இல்லை.

"ஏன்னா, நம்ப ஆத்து அடுப்புப் பக்கத்துல ஒரு சொம்பு இருக்கே, அது எதுக்குன்னு நெனச்சேள்? பூ வைக்கவா?"

"தெரியும்…"

"சும்னே தலையை ஆட்டாதீங்கோ. இந்த ஊர்ல பொறந்து, இதே சொம்புத் தண்ணி பட்ட கையால போட்ட சாதத்தைச் சாப்ட்டு வளர்ந்தவர், காஞ்ச கைக்கு ஒரு பேப்பர் பண்ணியிருக்கேள். யாருக்கு? குஜராத்துல பாலைவனத்துல இருக்கறவாளுக்கா?"

உண்மைதான். அந்தச் சொம்பை ஐம்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இடத்தை மாற்றி வைத்துத் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆலைக்குள் நுழைந்ததும் நான் வேறு மனிதனாகி, உலகத்தில் எல்லோரும் உலர்ந்த கைகளோடு குளிர்சாதன அறையில் நிற்பதாக எண்ணிக்கொண்டுவிட்டேன். இதற்கு நான் பொறியியல் கல்லூரியைக் குறை சொல்லலாம். அவர்கள் எனக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பார்த்தால், அவர்களும் எச்சரிக்கத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆஷாட மாதம் பிறந்தது, நம் ஆடி மாதிரி. கல்யாணங்கள் கிடையாது. எங்களுக்குக் கிடைத்த அவகாசம் அது ஒன்றுதான்.

மறுநாள் மெஷின் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். இனி கையை நனைக்காமல் யாரும் தாளைத் தொடக் கூடாது என்றேன்.

"ஏனுங் சார், மீன் புடிக்கவா போறோம்?" என்றார் ஹனூர்க்காரம்மா. ஆனால் முதலில் கையை நனைத்தவரும் அவர்தான். ஒரே கையால் இழுத்தார். விரல்களில் குல்லா. "அட, ஆமாங்" என்றார், ஏதோ நான் வாங்கிக் கொடுத்த பொம்மையைப் பார்ப்பது போல.

பிரச்சினை எளிமையானது. தாள் ஈரத்தைத் தாங்கும் ரகம்தான். மென்மையாக இழுத்தால் விரல் உள்ளே போகாது. பலமாக இழுப்பதால்தான் போகிறது. ஆகவே மென்மையாக இழுத்தாலே கிழிய வேண்டும். ஆகவே பிடிகளைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். கைக்கு அருமையாக வந்தது. மெஷினில் போட்டோம். அந்த மெஷினில் அகலமான தாள் படுவேகமாக இழுபட்டு, வெட்டப்பட்டு, ஆள் நீள உருளையாகச் சுற்றப்படும். அந்த நீள உருளையைத்தான் பிறகு ரம்பம் சின்னச் சின்ன ரோல்களாக நறுக்கும். புது வெட்டோடு ஓடவிட்ட உடனே தாள் படாரென்று அறுந்து, காற்றில் எழும்பி, என் மேல் போர்த்திக்கொண்டது. பொன்னாடையை இவ்வளவு வேகமாக யாருக்கும் போர்த்தியிருக்க மாட்டார்கள்.

"உங்க தாளு கைக்குக் கிளியறதுக்கு முன்னால மெசினுக்கே கிளிஞ்சுருதுங்" என்றார் அவர், என்னைத் தாளுக்குள் தேடியபடி.

பிடிகளை ஏற்றினால் மெஷின் ஓடும், கைக்கு வராது. இறக்கினால் கைக்கு வரும், மெஷின் ஓடாது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று தேடினேன். நடுவில் இரண்டும் நடக்கவில்லை.

"கைக்கு எளுசாவும் வேணும், மெசினுக்குக் கெட்டியாவும் வேணும்னா எப்புடீங் சார்? ஒண்ணச் சொல்லுங்."

"ரெண்டும் வேணும்மா."

"ரெண்டும் வேணும்னு எங்கூட்டுக்காரரும் சொல்லுவாருங். அவருக்கும் நடக்கலீங்."

கழிவுத் தாள் மூட்டை மூட்டையாக ஏறியது. முதலாளி வந்து மூட்டைகளைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். போய்விடுவார். கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தால் வெளியே போய்ப் பேசுவார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஜீரணமாகவில்லை. கோபித்துக்கொள்ளும் முதலாளியிடம் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். சிரிக்கிறவர் மனசுக்குள் லாரிக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தேன். என் தலைக்கு ஷாம்பு என்பது ஒரு மரியாதை நிமித்தம்தான். சின்னப் பாக்கெட்டில் பாதி போதும். தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகுதான் பாக்கெட்டைப் பிரிக்க நினைவு வரும். ஈரக் கையால் அதை எந்த மனிதனும் பிரிக்க முடியாது. பல்லால் கடிக்க வேண்டும். ஆனால் அன்றைக்குக் கடிக்கவில்லை. ஓரத்தில் கம்பெனிக்காரன் விட்டிருந்த குட்டி வெட்டு விரலில் தட்டுப்பட்டது. அங்கே பிடித்து லேசாக இழுத்தேன். சர்ரென்று கிழிந்து அந்தப் பக்கம் வரை போயிற்று.

கிழிவதில் கஷ்டம் ஆரம்பம் மட்டும்தான். ஓரத்தில் ஒரு வாய் கிடைத்துவிட்டால் மிச்சம் தானாகப் போகும். நான் இத்தனை நாளும் கோடு முழுவதையும் பலவீனப்படுத்திக்கொண்டிருந்தேன். பலவீனம் ஓரத்தில் இருந்தால் போதும்!

"ஓரம்! ஓரம்!" என்று கத்தினேன்.

"கீஸர் ஆஃப் பண்ணுங்கோ!" என்றாள் மனைவி.

தலையில் நுரையோடு வெளியே வந்து, சாப்பாட்டு மேஜையில், அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தேன். அவள் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு வேறு காகிதம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஓரத்துல நீளமா வெட்டு வெச்சா மெஷின்ல அங்கேர்ந்துதானே கிழிய ஆரம்பிக்கும்?"

அதுதான் அழகு. மெஷினில் ஓடுவது அகலத் தாள். அதிலிருந்து நறுக்கும் ஒவ்வொரு சின்ன ரோலின் ஓரமும் அந்த அகலத் தாளின் நடுப்பகுதியில் எங்கோதான் விழுகிறது. நடுவில் நீள வெட்டு இருந்தால் மெஷினுக்குக் கவலையில்லை. ஓடும் தாள் எப்போதும் வெளி ஓரத்திலிருந்துதான் அறுகிறது. அந்த வெளி ஓரத்தின் இரண்டு பட்டைகளையும் எப்படியும் வெட்டிக் கழித்துவிடுகிறோம். ஆகவே அந்தக் கழிவுப் பட்டைகளில் பிடியைக் கெட்டியாக வைத்துவிட்டு, ரம்பம் விழும் இடங்களில் மட்டும் வாயைத் திறந்துவிட்டால்? மெஷின் பார்க்கும் தாளுக்கு ஓரம் கெட்டி. கை பார்க்கும் தாளுக்கு ஓரம் இளசு. ஒரே தாள்.

மனைவி படத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ம்" என்றாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த முதல் முழு மதிப்பெண் அது. அதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். போய்த் தலையை அலம்பச் சொன்னாள்.

மைசூரில் பிளேடு அரைக்கும் பட்டறை ஒன்றில் புது வெட்டுப் பிளேடு செய்யக் கொடுத்தேன். வந்ததும், நீள வெட்டுகள் ரம்பம் விழும் இடங்களுக்கு நேரே வர, இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு மாட்டச் சொன்னேன். மெஷின் ஓடியது. அறவில்லை! நான் கைதட்டினேன். ரோல்களை நறுக்கிக் கொண்டுவந்து, கையை நனைத்து இழுத்தோம். தாள் ஓரத்தில் கிழியவில்லை. நட்ட நடுவில் வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

"நடுவுல பொத்தலாயிருச்சுங்" என்றார் ஹனூர்க்காரம்மா.

"நீங்க பிளேடை இடது பக்கம் இடம் விட்டு மாட்டலையா?"

"இடது பக்கந்தானுங் எடம் உட்டிருக்கறேன்."

"இல்லையே, இடது பக்கம் இடமே இல்லையே!"

"அளந்து பாருங்! இடது பக்கம் எவ்வளவு இருக்குதுன்னு!"

மெஷின் சத்தத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். டீ வந்தது. டீக் கிளாஸ் அவர் பக்கம் இருந்ததால் மெஷினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் தாராளமாக இடம் இருந்தது. நான் எப்போதும் எழுதுகிற மேஜைப் பக்கம் நின்று வரைந்திருக்கிறேன். அவர் எப்போதும் மெஷினை ஓட்டுகிற பக்கம் நின்று மாட்டியிருக்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மெஷின் இருந்தது. ஆளுக்கு ஒரு இடது இருந்தது. இத்தனை மாதங்களில் ஒருவர் பக்கம் இன்னொருவர் போய் நின்றதே இல்லை.

"உங்க டீயி ஆறுதுங்" என்றார்.

குடிக்கவில்லை. பிளேடைக் கழற்றித் திருப்பி மாட்டினோம். அவர் ஓடவிட்டார். முதலில் மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்துக்கு, பிறகு என்னைக் கேட்காமலே அதற்கும் மேலே. பெரிய சுருள் முழுவதும் தீர்ந்து அட்டைக் குழாய் தெரிகிற வரை ஒரு தடவைகூட அறவில்லை. ரம்பம் நறுக்கியது. அவர் முதல் ரோலை எடுத்துக் கம்பியில் மாட்டினார். வாளியில் இடது கையை மணிக்கட்டு வரை முக்கினார். இழுத்தார்.

ஒரு தாள் வந்தது. ஒன்றே ஒன்று. முழுசாக. விரலில் குல்லா இல்லை. ரோல் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

"வந்துருச்சுங்" என்றார்.

மறுபடி முக்கினார். மறுபடி வந்தது. மறுபடி. பின்னால் நாப்கின் மேசையிலிருந்து எல்லோரும் எழுந்து வந்து வாளியைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று கிழித்தார்கள். ரோல் தீரும் வரை யாரையும் தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டிய நானே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

சிராவணத்தின் முதல் முகூர்த்தம். இந்தத் தடவை ஹனூர்க்காரம்மாவும் வந்தார். பட்டுப் புடவை கட்டியிருந்தார். "கலியாணம் யாரூட்டுதுன்னு கேட்டா என்னங் சொல்றது?" என்று வழியெல்லாம் கவலைப்பட்டார். மெஷின் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லச் சொன்னேன்.

காண்ட்ராக்டர் எங்களைப் பார்த்ததும் முதலில் சாத்தமுது அண்டாவை நகர்த்திவைக்கச் சொன்னார். ரோலை மாட்டினேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே சாதத்தைத் தொட்டார். தானே சொம்பில் கையை விட்டார். உதறவில்லை. தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டச் சொட்ட, வலது கையில் கரண்டியோடு, இடது கையால் ரோலின் ஓரத்தைப் பிடித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆகவே என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். சிறியது. தாளைக் கிழிக்கும் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது அவர் கையில் தாள் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். வடைத் தட்டில் விரித்தார். இன்னொன்று கிழித்தார். இன்னொன்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டேய், எல்லாரும் இங்கே வாங்கோடா."

ஒவ்வொருவராக வந்தார்கள். மாவுக் கை, எண்ணெய்க் கை, தேங்காய்ப் பால் கை. எல்லாம் சொம்பில் முங்கி எழுந்து ஆளுக்கு ஒரு தாள். ஒருவர் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக இழுத்தார். ஒரே ஒரு தாள்தான் வந்தது. ஹனூர்க்காரம்மா, "இன்னும் பலமா இழுங் சாமி, சும்மா இழுங்" என்று அவரை வம்புக்கு இழுத்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பந்திக்கு நேரமாகிவிட்டது. எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். தலைமைச் சமையல்காரர் யாரையோ திட்டிக்கொண்டே கையை முக்கி, பார்க்காமலே ஒரு தாளை இழுத்து, நெய்ச் சம்புடத்தைத் துடைத்துவிட்டுப் போட்டார். அப்பளம் பொரித்தவர் ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டே இழுத்தார். யாரும் ரோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடைக்கும் தாளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பார்க்காமல் எடுக்கிறார்கள் என்றால், அது அந்தச் சமையலறைக்குச் சொந்தமாகிவிட்டது. நான் வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறேன். அதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

காண்ட்ராக்டர் மடியிலிருந்து போனை எடுத்தார். எங்கள் முதலாளியைக் கூப்பிடப் பார்த்தார். ஈர விரலுக்குப் போன் மசியவில்லை. எண்ணை அழுத்தினால் வேறெங்கோ போயிற்று. அவர் ஒரு தாளைக் கிழித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினார். உடனே மணி அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"ரீ, ஹேளி" என்றது முதலாளி குரல். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

காண்ட்ராக்டர் கன்னடத்தில் சொன்னார்: "எல்லாச் சத்திரத்துக்கும் அனுப்புங்க. கார்த்திகை வரைக்கும் முகூர்த்தம் இருக்கிற அத்தனை நாளும். நடுவுல நிறுத்தினா நான் நஞ்சன்கூட்டுக்கே வருவேன்." போனை என் பக்கம் நீட்டினார்.

"சார்," என்றார் முதலாளி. குரலில் சிரிப்பு இல்லை; கடவுள் புண்ணியத்தில் பதற்றம் இருந்தது. "கோயம்புத்தூர்க்காரர் இப்ப என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். காபி குடிச்சுட்டிருக்கார். என்ன சொல்ல?"

"குடிச்சு முடிக்கட்டும்" என்றேன். "கையலம்பினதும், துடைச்சுக்க ஒரு ரோல் குடுத்து அனுப்பிடுங்க."

"ஈரக் கையோட இழுத்துப் பாக்கச் சொல்லுங்!" என்று பின்னாலிருந்து கத்தினார் ஹனூர்க்காரம்மா. பிறகு பட்டுப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, முதல் பந்தியில் போய் உட்கார்ந்தார். நானும் போய் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். சாத்தமுது முதல் தரம்.